ஒர்னெல்லா பிடித்த களிமண்

இத்தாலியின் ரொமாஞ்ஞா வட்டாரத்து நடன அரங்குகளில் சனிக்கிழமை வால்ட்ஸ் ஆடுகிற எல்லோருக்கும் ஒர்னெல்லாவைத் தெரியும். மேடையின் ஓரத்தில் கிட்டாரும் கையுமாக, சிரிக்காத முகம். முசுடு என்று பேர் வாங்கியவள். அவளைச் சிரிக்க விட்டால்தானே இந்த ஊர்!

கணவன் லீபெரோ இறந்த வாரமே இசைக்குழுத் தலைவர் வீட்டுக்கு வந்து, "சனிக்கிழமைய விட முடியாதும்மா, அவன் கிட்டார நீதான் எடுக்கணும்" என்றார். அவனிடமே வாசிக்கக் கற்று, அவனோடு வீட்டில் வாசித்தவள்தான். போனாள். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஆட வரும் கிழங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கிட்டா லீபெரோவேதான்!" என்று உருகும். முதலில் அதைக் கேட்டு அழுதாள். பிறகு எரிச்சல் வந்தது. சொந்தமாகக் கட்டிய மெட்டுகூட இரண்டு வரிக்குள் அவன் பாணிக்கு வழுக்கிக்கொண்டு போனபோது பயம் வந்தது.

அதனால்தான் ஒரு நாள் காலையில் லெயார்கோவின் பட்டறைக்குப் போனாள். லீபெரோவின் கிட்டாரைச் செய்தவனும் அவன்தான்.

"எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடு. அவனோடதுல இருக்கிற எதுவும் இதுல இருக்கக் கூடாது."

"செத்தவன்கிட்ட விவாகரத்தா?"

"வாய மூடிக்கிட்டு எழுது."

அவனுடையது கறுப்பு. இவள் தக்காளிச் சிவப்பு கேட்டாள். அவனுடையது தோளை அறுக்கிற கனம், இவளுக்கு லேசான மரம் போதும். தந்தியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்பில் தடித்த ஒலி தருவது வேண்டாம், மெலிந்து கூர்மையாக ஒலிப்பது வேண்டும். கிட்டாரின் கழுத்தில் விரல் வைக்கும் இடம் காட்டும் சிப்பிப் புள்ளிகளும் வேண்டாம்.

"புள்ளி இல்லாம தடுமாறுவ."

"தடுமாறினா நானே தடுமாறிட்டுப் போறேன்."

சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் ஏறியது. கல்யாணத்துக்குத் துணி எடுக்கிறவளைப் போல முகம் மலர்ந்திருந்தது.

கடைசியாகக் கழுத்தின் பருமன். அதற்கு லெயார்கோ அளவுகோலை நம்பமாட்டான். கட்டையில் களிமண்ணை அப்பிக் கொடுத்து, வாசிப்பதுபோல இடது கையால் பிடிக்கச் சொல்வான். அந்தப் பிடிக்குத் தோதாகத்தான் செதுக்குவான். ஒர்னெல்லா அழுத்திப் பிடித்துக் கொடுத்தாள்.

அவன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கேலி எதுவும் வரவில்லை.

"ஒர்னெல்லா, கையக் காட்டு."

காட்டினாள். சின்னக் கை, நேரான விரல்கள். களிமண்ணில் பதிந்திருந்தவை அவற்றைவிட ஒரு சுற்றுப் பெரியவை. சுண்டுவிரல் தடம் நடுவில் வளைந்திருந்தது. லீபெரோவின் சுண்டுவிரல் அப்படித்தான், சிறுவயதில் கார் கதவில் நசுங்கிக் கோணலாக ஒட்டியது.

"மண்ணு எளகியிருக்கும். இன்னொண்ணு புடி."

பிடித்தாள். அதே வளைவு. இந்த முறை கட்டைவிரலும் மேலே ஏறி அழுந்தியிருந்தது. லீபெரோதான் தடித்த தந்தியைக் கட்டைவிரலால் அழுத்துவான். அவளுக்கு அது எட்டவே எட்டாது.

லெயார்கோ சிலுவை போட்டுக்கொண்டான், தேவாலயத்தின் வாசலைக்கூட மிதிக்காத ஆள். ஒர்னெல்லா தன் மடியைப் பார்த்தாள். இடது கை அங்கே தன்பாட்டுக்கு ஏதோ ஒரு மஸூர்கா நடன மெட்டை அழுத்திக்கொண்டிருந்தது. வலது கையால் அதை அமுக்கினாள். சில்லென்றிருந்தது. லீபெரோமேல் அவளுக்கு இன்றும் உயிர்தான். ஆனால் கையாவது தன்னுடையது என்றல்லவா நினைத்திருந்தாள்!

"எழுதினதெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். "ஆனா திருப்பிச் செய். இடது கைக்காரங்களுக்குச் செய்வியே, அந்த மாதிரி. இனிமே வலது கை தந்தியப் புடிக்கட்டும்."

"கிறுக்கு புடிச்சிருக்கா? அந்தக் கைக்கு ஒரு சுரம் புடிக்கத் தெரியுமா? இந்த வயசுல அரிச்சுவடியா? சனிக்கிழம மேடை என்னாகிறது?"

"வேற ஆளத் தேடிக்கட்டும். அவன் புடிச்ச எடத்த இந்தக் கை புடிச்சதே இல்ல, லெயார்கோ."

அவன் புதிதாக மண் அப்பிக் கொடுத்தான். வலது கையால் பிடித்தாள், குழந்தை கரண்டியைப் பிடிப்பதுபோல. சின்னச் சின்ன, நேரான தடங்கள் விழுந்தன. லெயார்கோ அதை வெளிச்சத்தில் பார்த்தான்.

"இந்தக் கை யாருதுன்னே தெரியலையே."

"எனக்குந்தான்" என்று சொன்னவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

இடது கை தானாக எழுந்து வந்தது. லீபெரோ துடைப்பதுபோலவே, விரல்களை மடக்கிக்கொண்டு, புறங்கையால் அவள் கன்னத்தைத் துடைத்தது. ஒர்னெல்லா அதைத் தடுக்கவில்லை.