தாளுக்கு வெளியே கிடந்த படம்

எங்கள் அச்சகம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. கீழே மெஷின், மேலே நாங்கள். மேலே என்றால் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், கீழே மெஷினில் மாட்டுகிற அச்சு பிளேட்டை எடுக்கும் கருவி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. இதற்கு முதலாளி வைத்திருக்கும் பெயர் ‘புரொடக்‌ஷன் டிபார்ட்மென்ட்’. கதவில் எழுதியும் ஒட்டியிருக்கிறார். டிசைன் செய்கிறவள் நான். பிளேட் எடுக்கிறவர் வண்ணாரப்பேட்டை பாய். டிபார்ட்மென்ட் அத்தோடு முடிந்தது.

போன தை மாதம் முதலாளி புதிதாக ஒரு பிளேட் கருவி வாங்கினார். அது என் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போக மாட்டேன் என்றது. என்னுடையதில் இருந்தது பழங்காலத்து ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதை மாற்றினால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை யாராவது மாற்றப் போவதாகச் சொன்னால் எனக்கு அப்படித்தான். வீட்டில் டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றியதற்கே இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தவள் நான்.

இந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. நான் ஃபைல்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பதில்லை. ‘நியூ’, ‘நியூ நியூ’, ‘ஃபைனல்’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று கைக்கு வந்ததைத் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் திரையின் மேலேயே வைத்துக்கொள்வேன். ஆனால் கண்டபடி வைக்க மாட்டேன். வாடிக்கையாளர்களை எனக்குப் பெயரால் தெரியாது, ஏரியாவால்தான் தெரியும். அதனால் திரையில், வட சென்னை வரைபடம் மாதிரி, மேலே எண்ணூர், அதற்குக் கீழே திருவொற்றியூர், அப்புறம் தண்டையார்பேட்டை, காசிமேடு, அடியில் ராயபுரம். இடது பக்கம் மணலி, சடையங்குப்பம், வியாசர்பாடி, மூலையில் பேசின் பிரிட்ஜ். வலது ஓரம் கடல். அங்கே ஒரு ஃபைலும் வைக்காமல் காலியாக விட்டிருப்பேன். யாராவது வந்து “போன தபா போட்டதயே போடுக்கா” என்றால் “எந்த ஏரியா?” என்று மட்டும் கேட்பேன். அவர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் ஃபைல் திறந்திருக்கும்.

பாய்க்கு இது பெரிய வேடிக்கை. திரையின் வலது ஓரத்தில் தூசி படிந்தால் போதும். “தங்கச்சி, உன் கடலு கலீஜா கீது, தொடச்சி வையிமா” என்பார்.

சிஸ்டத்தை மாற்ற எம்.கே.பி. நகரிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதைத் தாண்டிய, நிதானமான ஆள். நான் அவரை வேலை செய்யவே விடவில்லை. தலைக்கு மேல் நின்று மிரட்டிக்கொண்டே இருந்தேன்.

“ஒரு ஃபைலும் போவாதுக்கா. எல்லாத்தியும் காப்பி எடுத்து வெச்சிட்டுதான் கைய வெப்பேன்” என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மதியத்துக்கு மேல் புது சிஸ்டம் பளிச்சென்று திறந்தபோது ஒரு ஃபைலும் குறையவில்லை. ஆனால் எல்லாம் எழுத்து வரிசைப்படி, ரேஷன் கடை க்யூ போல, இடது ஓரத்திலிருந்து அடுக்கி நின்றன. எண்ணூரும் ராயபுரமும் ஒன்றின் மேல் ஒன்று நின்றன. கடலுக்குள்ளும் ஆள் நின்றது.

“தம்பி, என் ஊரு எங்க?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பாய்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். அவர் பதறவில்லை. தேதி வரிசையில் போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டார். எல்லா ஃபைலும் ஒரே நாளில் பிறந்திருந்தது. என் கம்ப்யூட்டருக்குள் இருந்த கடிகார பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது; தினமும் காலையில் அது அதே பழைய ஜனவரி ஒன்றாம் தேதிக்குத்தான் விழித்துக்கொள்ளும். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேதியைச் சரிசெய்தார். அந்தப் பொறுமைக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் சடையங்குப்பத்து அம்மா படி ஏறி வந்தார்.

போன வருடம் அவர் கணவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டவள் நான். அவர் காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். வருகிற ஞாயிறு முதலாம் ஆண்டு நினைவு நாள். போட்டோ என்றாலே ஓடிவிடுகிற மனிதராம். சாவு வீட்டில் படம் கேட்டபோது நண்பர் ஒருவர்தான் தன் போனிலிருந்து ஒன்றை எனக்கு அனுப்பிவைத்தார். அதிலிருந்து நான் செய்த போஸ்டரைத்தான் அந்தம்மா வீட்டுச் சுவரில் ஒட்டிப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார். கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து அதுவும் கரைந்துபோயிற்று. நண்பரோ விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார், போன் போகவில்லை. எனக்குப் போனில் வரும் படங்களை கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அழித்துவிடுவது என் வழக்கம். ஆதார் அட்டையில் ஒரு படம் இருந்தது. ஆனால் அதில் இருந்தவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

“உங்களாண்ட கீதுல்லக்கா? எப்ப வோணா வாங்கன்னு சொன்னீங்களே” என்றார்.

“கீது. உக்காருங்க” என்றேன். இருந்தது, நிச்சயம் இருந்தது. எந்த ‘நியூ’வுக்குள் என்றுதான் தெரியவில்லை.

ஒவ்வொன்றாகத் திறப்பதைத் தவிர வழியில்லை. தன் வேலை முடிந்துவிட்ட எம்.கே.பி. நகர்க்காரர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். பையைக் கீழே வைத்துவிட்டு, பாதி ஃபைல்களை அடுத்த கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பாய் டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். அந்தம்மா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

ஐஸ் கம்பெனி ஸ்டிக்கர் வந்தது. காசிமேட்டு கால்பந்துப் போட்டி நோட்டீஸ், ராயபுரத்து மாதா கோயில் திருவிழா, பிரியாணிக் கடை விலைப் பலகை, காதுகுத்து. ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அந்தம்மா, “இந்தப் பொண்ணு எங்க தெருதான். கொயந்த பொறந்துடுச்சி” என்றார். பாயின் மகள் நிக்காஹ் பத்திரிகை திறந்தபோது பாய் கைவேலையை விட்டுவிட்டு வந்து, தானே சொல்லி அடித்த பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். நான் இத்தனை வருடம் வேண்டியதைத் திறந்து வேலை முடிந்ததும் மூடிக்கொண்டிருந்தேனே தவிர, இவர்களை இப்படி ஒருசேரப் பார்த்ததில்லை. கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

கோட் போட்டவர்களும் நிறைய பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அஞ்சலி போஸ்டர் என்றால் கோட் இருந்தால்தான் மரியாதை. படம் எப்படி வந்தாலும் தலையை மட்டும் எடுத்து, நான் வைத்திருக்கும் நீலக் கோட்டின் மேல் பொருத்திவிடுவேன். வலை இழுத்தவர், மூட்டை தூக்கியவர், எல்லோரும் அந்த ஒரே கோட்டில்தான் சுவரேறினார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தம்மா பாதி எழுந்து முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

கடைசியில் அடுத்த கம்ப்யூட்டரிலிருந்துதான் குரல் வந்தது. “யம்மா, இவரப் பாருங்க.”

அந்தம்மா எழுந்து போய்ப் பார்த்தார். “இவருதான்” என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனி வாசகத்தை மாற்றி, தேதியைப் போட்டால் வேலை முடிந்தது. அதற்காக அந்த இடத்தில் போய் உட்கார்ந்து படத்தைச் சிறிதாக்கினேன். அப்போது தாளுக்கு வெளியே கிடந்ததும் சேர்ந்து தெரிந்தது. டிசைன் செய்யும்போது வெட்டியது, வேண்டாதது எல்லாவற்றையும் தாளின் ஓரத்துக்கு அப்பால் தள்ளி வைப்போம். அச்சில் அது வராது. அதனால் யாரும் அழிப்பதில்லை. அங்கே அந்த நண்பர் அனுப்பிய மூலப் படம் முழுசாகக் கிடந்தது.

“அது இன்னாக்கா?” என்றார் அந்தம்மா.

பெரிதாக்கினேன். படகுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர். நடுவில் அவர். கட்டம் போட்ட சட்டை, மடித்துவிட்ட கை, கன்னத்தில் கிரீஸ், வாய் நிறையச் சிரிப்பு. தோளில் பக்கத்து ஆளின் கை.

அந்தம்மா திரைக்கு வெகு அருகில் வந்து பார்த்தார். “இந்தச் சட்ட நான் எடுத்துக் குடுத்தது” என்றார். “இத்தினி நாளா யாரோ ஒரு ஆபீசரக் கும்புட்டுகினு இருந்தேன்க்கா. இதான் எங்க ஆளு.”

பாய் கருவியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். மற்ற எல்லோரையும் எடுத்தாயிற்று. தோளில் இருந்த கை மட்டும் பாக்கி. அதை எடுத்துவிட்டுச் சட்டையின் கட்டங்களை வரைந்து சேர்க்கப் போனேன்.

“வாணாம்க்கா, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று தடுத்தார் அந்தம்மா. “இன்னாத்துக்கு அவரு தனியா நிக்கணும்?”

கை மணிக்கட்டோடு நின்றது. மூளியாகத்தான் இருந்தது, எனக்கே ஒப்பவில்லை. ஆனாலும் அப்படியே அனுப்பினேன். புது சிஸ்டத்திலிருந்து புதுக் கருவியில் எடுத்த முதல் பிளேட் அது.

அடுத்த வாரம் ஒருவர் மாடிக்கு வந்தார். கடல் வெயிலில் முகம் கறுத்து உரிந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சடையங்குப்பத்துல ஒட்டியிருக்கிற போஸ்டரு நீங்க போட்டதாக்கா?”

குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாரானேன். “ஆமா, நான்தான் போட்டேன். அந்தக் கை இருக்கட்டும்னு அந்தம்மாதான் சொன்னாங்க.”

“சொன்னாங்க” என்றார். “அது என் கைக்கா. எனக்கு ஒண்ணு குடுங்க.”