தாம்பூலப் பை இல்லாத கல்யாணம்

மகள் கல்யாணத்தில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பை, டோர் கிஃப்ட், கிடையாது என்று சொன்ன நாளிலிருந்து, போன் அடித்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது. எடுத்தால் யாராவது ஒரு சொந்தக்காரர். எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். "வந்தவங்கள வெறுங்கையோடயா அனுப்பப் போறீங்க?" வெறுங்கை இல்லை, ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்போம், உங்கள் பெயரில் டயாலிசிஸ் மையத்துக்கு நன்கொடை போயிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும் என்பேன். அந்தப் பக்கத்திலிருந்து "ஓ, அப்படியா" என்று வரும். எங்கள் வீட்டு நிலைமை என்ன ஆயிற்றோ என்ற சந்தேகம் அந்த "ஓ"விலேயே தெரிந்துவிடும்.

யோசனை மகளுடையது. என் கணவர் கடைசி வருடங்களில் செராஸில் இருக்கும் ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்துக்குத்தான் போய்வந்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் என் வேலையை முடித்துக்கொண்டு நான் போய்ச் சேரும்போது, வெளிறிப்போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "அந்த லட்டையும் டப்பாவையும் யாரும்மா தொடப் போறா? கார்லயே கிடந்து காயும். அப்பா படுத்த கட்டில்ல இப்ப வேற யாரோ படுத்திருக்காங்கல்ல, அவங்களுக்குப் போகட்டும்," என்றாள். நியாயம்தான்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. "இன்னொண்ணு. வெத்தல பாக்கு, குங்குமம் இல்லன்னா வாசல்ல நீங்களே நிக்கலாம். ஒருத்தரும் உங்கள உள்ள போகச் சொல்ல முடியாது."

மகன் கல்யாணத்தில் நடந்ததை இவள் கவனித்திருக்கிறாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பந்தி முடியும் நேரத்தில் மண்டப வாசலில் தாம்பூலத் தட்டோடு போய் நின்றேன். கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், என் முழங்கையை மெல்லத் தொட்டு, "நீ உள்ள போய்ப் பந்தியப் பாரும்மா, இத நான் பாத்துக்கிறேன்," என்றார். குரலில் கடுமையே இல்லை. புருஷனை இழந்தவள் கையால் குங்குமம் போகக் கூடாது என்பதை அதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது. என் பிள்ளையின் கல்யாணத்துக்கு வந்தவர்களை நான் வழியனுப்பவில்லை. சமையல்காரர்களோடு மிச்ச சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டேன். இந்த முறையும் அப்படித்தான் ஆகுமா என்பதுதான் என் கவலையெல்லாம். மற்றவர்கள் பேச்சு எனக்கு வெறும் தொல்லை மட்டும்தான்.

மகளுக்குக் காலையில் கோயிலில் தாலி ஏறியது. மதியச் சாப்பாடு கிள்ளானில் ஒரு மண்டபத்தில். நான் அட்டைக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அண்ணியின் கார் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே முழுக்க மஞ்சள் பைகள். பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் போய், வெற்றிலை, பாக்கு, லட்டு, சின்னக் குங்குமச் சிமிழ் என்று எல்லாம் வாங்கிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஒன்னும் சொல்லாத. இது அத்த செய்முறை. என் தம்பி இல்லாத கல்யாணம், ஜனங்க சும்மா போகக் கூடாது லா," என்றார். கண் கலங்கியிருந்தது.

பாசத்தோடு செய்கிறவர்களிடம் சண்டை போட முடிவதில்லை, அதுதான் பெரிய தலைவலி. விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவர் பைகளை மேசையில் அடுக்க ஆரம்பித்ததுமே நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய்விட்டேன். இந்த முறை யாரும் என் முழங்கையைத் தொடவில்லை. நானேதான் நகர்ந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கைகழுவிய ஈரத்தோடே அட்டையை வாங்கினார்கள். "என்ன அக்கா இது, வவுச்சரா?" என்று ஒரு பெண் கேட்டாள். பலர் படிக்காமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் மட்டும் ஓரமாக நின்று முழுவதும் படித்தார். பிறகு என்னிடம் வந்து சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். ஊசி குத்திக் குத்தி நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. என் கணவர் கையும் அப்படித்தான் இருந்தது.

"நானும் அங்கதான் போறேன், ஆன்டி," என்றார்.

அவரை அந்தத் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலேயே நிறுத்தி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. வாசல் வரைக்கும் கூடவே நடந்தேன்.

வாசலில் கூட்டம் நெருக்கியது. அண்ணி ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பை கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர். பட்டுச் சேலைக்குக் கீழே பாதம் வீங்கியிருந்தது. முகத்தில் பவுடர் கரைந்து வழிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க."

"நான் உக்காந்தா யாரு குடுப்பா?"

"நான் குடுக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வரிசையில் யாரோ பிள்ளையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார், "அந்தக் குங்குமம்..." என்று. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பெருமூச்சோடு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினார்.

"சரி சரி, சீக்கிரம் குடும்மா. ஜனங்க நிக்கிறாங்க."

முதல் பையை என்னோடு நடந்து வந்தவருக்குக் கொடுத்தேன். அவருக்கு அடுத்து நின்ற பெண், கழுத்தில் தாலி இன்னும் புது மஞ்சளாக இருந்தது, இரண்டு கையையும் நீட்டினாள். சிமிழோடு பையையும், மேலே அட்டையையும் வைத்துக் கொடுத்தேன். "சாப்பாடு நல்லா இருந்துச்சு, ஆன்டி," என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேடிக்கொண்டே போய்விட்டாள். அடுத்தவர்களும் அப்படித்தான். யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்று ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இதற்காகவா இத்தனை வருடம் ஒதுங்கி ஒதுங்கி நின்றேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அண்ணி பக்கத்து நாற்காலியைக் காட்டி, "நீயும் கொஞ்சம் உக்காரு," என்றார். கால் கெஞ்சியது. கடைசி ஆள் போகும்வரை நான் உட்காரவில்லை.