என் இடுப்பு வலியும் பக்கத்து நிரை நாத்தனாரும்

போன வருடம் மழை விட்ட சமயம், ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

நான் கொழுந்து பறிப்பவள். இடது இடுப்பில் பிடித்த வலி மாதக்கணக்கில் விடவே இல்லை. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது, மலை ஏறினால் உயிர் போகும். மூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன்தான், அப்புறம் மலைப் பக்கமே போக முடியாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி அடித்துச் சொன்னாள். மலைக்குப் போகாமல் நான் என்ன செய்வேன்? பயந்துபோய், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணியிடம் என் பேரை வெட்டிவிடச் சொல்லிவிட்டேன். அவர், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வா என்று விரட்டினார்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டு நன்றாக இருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி, பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார். எனக்குக் கோபம்தான் வந்தது. தினமும் மலை ஏறி இறங்குகிறவளுக்குப் பயிற்சியா?

மிஸ் சிங்களப் பெண். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். என் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு ஒரு மேசையை இழுத்துப் போட்டு, அதைத் தேயிலைச் செடியாக நினைத்துக்கொண்டு கொழுந்து பறித்துக் காட்டச் சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கை பழகின கை, தானாக ஓட ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மிஸ், "ஏன் அம்மா அந்தப் பக்கமே பாக்கிறீங்க? அங்க யாரு?" என்றார்.

அங்கே சுவர்தான் இருந்தது. "அங்க என் நாத்தனா நிப்பா மிஸ்," என்றேன்.

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். உண்மை அதுதான். பல வருடமாக அவள் பறிக்கும் செடி வரிசை, அவள் நிரை, எனக்கு வலது கைப் பக்கம், மேட்டில். அவளோடு ஊர்க்கதை பேசுவதற்காக அங்கேயே முகத்தைத் திருப்பி, பள்ளத்தில் இருக்கும் இடது காலில் மொத்தப் பாரத்தையும் போட்டு, இடுப்பை வெளியே தள்ளி நின்றிருக்கிறேன். இடுப்போரத் தசைநார் நொந்துபோய்விட்டதாம். இரண்டு காலிலும் சமமாக நிற்கவும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கவும் சொன்னார். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்கவும் பழக்கினார். வலி கூடினால் நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, மிஸ்ஸை மனதுக்குள் திட்டினேன். மூன்று மாதத்தில் உச்சி மலை வரைக்கும் நிற்காமல் ஏறினேன்! மேலே போய்ச் சேர்ந்ததும் சந்தோஷத்தில் நாத்தனாரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

"இனிமே நீ இடது பக்கம் நில்லுடி," என்றேன்.

"பேசாம பறிக்கலாம்ல அண்ணி," என்றாள் அவள். அது மட்டும் என்னால் முடியாது.

இத்தனை வருடம் என்னைச் சுமந்த உடம்பு எப்படி நிற்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் அதைப் பொறுமையாக நின்று பார்த்தாரே என்று நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.