என்னை அண்ணனாக்கிவிட்டுப் போனவர்

நேற்று மத்தியானம் ரயில் பட்டறைக்குத் தந்தி வந்தது. தம்பி சுப்பையா காலமானார் என்று கருப்பையாவுக்கு. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இந்த அறையில் எங்களோடு சமைத்துச் சாப்பிட்ட உங்களுக்குத் தெரியும், இறந்தவர்தான் கருப்பையா அண்ணன். சுப்பையா நான். அண்ணி விவரமானவர், அந்த அழுகையிலும் பெயரை மாற்றித்தான் தந்தி அடித்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு இதை வாசிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். குழம்பில் உப்புக் குறைந்தால் அன்றைக்கு இந்த அறையில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. "திங்கிறதுக்குத்தானேடா கடல் தாண்டி வந்தோம்" என்பார்.

காய்ச்சலில் விழுந்து ஊருக்குப் போனபோது, எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பட்டறையில் தந்த நம்பர் அடித்த பித்தளை வில்லையை என்னிடம் கொடுத்து, தன் பெயரில் வேலைக்குப் போகச் சொன்னார். காலையில் வில்லை ஆணியில் தொங்கினால் போதும், ஆளை யார் பார்த்தார்கள்? உடம்பு தேறித் திரும்பியவர், என் பெயரில் அதே பட்டறையில் புது ஆளாகச் சேர்ந்துகொண்டார். தீபாவளி கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தோம். அதற்குள் அந்த உத்தரவு வந்து தொலைந்தது. இந்தியாவிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இனி அரசாங்க வேலை இல்லை, ஊருக்குப் போகவேண்டும். பழைய ஆட்கள் இருக்கலாம்.

எங்களைப் பற்றி எந்தப் புண்ணியவானோ பெட்டிஷன் போட்டுவிட்டான். மருதானைப் பட்டறையில் இருவரையும் நிறுத்திவைத்து, யாழ்ப்பாணத்து டைம்கீப்பர் ஐயா கேட்டார்: "உங்களிலை ஆர் கருப்பையா? பொய் சொன்னா ரெண்டு பேரையும் கப்பலேத்திப்போடுவன்."

இங்கே வீட்டில் என் மனைவி வள்ளிக்கு நிறைமாதம். ஆனாலும் அது அண்ணனுடைய வேலை, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். பிறந்தது முதல் என்னை 'டா' போடாமல் கூப்பிட்டறியாத மனிதர், கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க பேசாம இருங்கண்ணே. புதுசா வந்தவன் நான்தானே, நான் போறேன்."

ஐயா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை வேலைக்குப் போகச் சொன்னார்.

போனவருக்குத் திரும்பி வர அனுமதி கிடைக்கவே இல்லை. வள்ளிக்குப் பிறந்தவனை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. காரியம் செய்ய நான்தான் போகவேண்டும். போனால் என்னைத் திரும்ப உள்ளே விடுவார்கள் என்ற நிச்சயம் இல்லை. விடாவிட்டால் வள்ளியும் பிள்ளையும் இங்கே என்ன செய்வார்கள்? இங்கேயே மொட்டையாவது போடலாம் என்றால் அதுவும் முடியாது. தம்பி செத்ததற்கு அண்ணன் மொட்டை போடும் வழக்கம் எங்களில் இல்லை. அது டைம்கீப்பர் ஐயாவுக்குத் தெரியாதா? இன்று காலை தலை சீவிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அவர் பெயர் ஒன்றுதான். நாளைக்குப் பட்டறையில் என்னைக் கண்டால் கருப்பையா என்றே கூப்பிடுங்கள். கொஞ்சம் உரக்கக் கூப்பிடுங்கள்.