அட்மின் பாதைக்குக் காவல் இல்லை

கிருஷ்ணகுமாரியைக் கெட்டிக்காரி என்று பலாங்கொடை டவுனில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அது அவள் அம்மாவின் தலையில் போய் விடிந்தது.

நாங்கள் இருவரும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கம்பியூட்டர் கடையில் இணையத்தளம் செய்கிறவர்கள். எனக்கு அவளைவிட ஆறு வயது கூட, வாயும் கூட. போன வருஷ மழையில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயங்களுக்குப் பின்னால் மண் வெடித்தது. ஒரு நலன்புரிச் சங்கம் நாற்பது வீடு தர முன்வந்தது. இந்த வருஷம் பத்து, மீதி அடுத்த வருஷம். ஆபத்து கூடின வீட்டுக்கு முதலிடம். அந்த வரிசையைப் போனில் பார்க்க ஒரு தளம் கேட்டார்கள். நம்ம ஆட்களுக்கான வேலை என்று கிருஷ்ணகுமாரி ஆசையாக எடுத்துக்கொண்டாள்.

தளத்தில் இரண்டு பாதை. விண்ணப்பித்தவர் நுழைந்தால் முகவரியின் கடைசியில் 'யூசர்' என்று இருக்கும். தன் இடத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். சங்கத்து நல்லையா ஐயா நுழைந்தால் 'அட்மின்'. வரிசையை மாற்றுவது அங்கேதான்.

ஒரு காலையில் அவள் தோட்டத்து ஐயாவு மாமா போனும் கையுமாகக் கடைக்கு வந்தார். அவர் வீட்டுச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

"நாலாவதுன்னு காட்டுச்சு பாப்பா. இப்ப முப்பத்தெட்டுன்னு காட்டுது. போன் பழுதாங்க?"

யார் எதை மாற்றினார் என்று காட்டும் பதிவைக் கிருஷ்ணகுமாரி திறந்தாள். நாலும் முப்பத்தெட்டும் இடம் மாறியிருந்தன. இப்போது நாலாவது இடத்தில் அழகம்மா, அவளைப் பெற்றவள். மாற்றியது நல்லையா ஐயாவும் இல்லை; அழகம்மாவின் கணக்கேதான்.

"அட்மின் பக்கத்துக்கு நீ காவல் போடலயா?" என்று கத்திவிட்டேன்.

"யூசருக்கு அந்த லிங்கையே காட்டலியேக்கா. பங்களா ரோட்டுக்கும்தான் கேட்டு கெடையாது. நாங்க யாராச்சும் போனோமா?"

தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்கு ஏறுகிற பாதைக்கு வாசலும் இல்லை, பலகையும் இல்லை. ஆனாலும் கூப்பிடாமல் லயத்து ஆள் ஒருவரும் அதில் கால் வைத்ததில்லை. அந்தப் பழக்கத்தையே நம்பிப் புரோகிராம் எழுதியிருக்கிறாள். அடி பைத்தியமே, பயத்தைக் காவலுக்கு வைப்பார்களா!

அம்மாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவன் எம்பிலிப்பிட்டியில் போன் கடையில் வேலை செய்யும் அண்ணன் சுரேந்திரன். அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"நாந்தான் மாத்துனேன். யூசர்னு இருந்த எடத்துல அட்மின்னு அடிச்சேன், தொறந்துருச்சு. அடுத்த வருசம் வரைக்கும் அம்மா அந்தச் செவுத்துக்குக் கீழ படுக்கணுமா?"

"ஐயாவு மாமா எங்க படுக்குறாரு?"

அவன் போனை வைத்துவிட்டான். பாவம் அழகம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

வரிசையில் கை வைத்த குடும்பத்தின் பெயர் நீக்கப்படும் என்பது சங்கத்தின் விதி. ஐயாவு மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"பேசாம பழையபடி மாத்தி வச்சிரு. அவருக்கு நாலு, அம்மாவுக்கு முப்பத்தெட்டு. யாருக்குத் தெரியப் போவுது?" சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"வேற யாரும் மாத்தியிருந்தா? சங்கத்துப் பேப்பரோட முழுசா ஒப்பிட்டுப் பாக்கணும்க்கா. அவங்களுக்குச் சொல்லாம எப்புடி?"

நல்லையா ஐயாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் பெயரையும் மறைக்கவில்லை. அவர் சங்கத்துப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அம்மா பேரையே எடுக்க வேண்டி வருமேம்மா."

"தெரியுங்க ஐயா."

பட்டியலோடு ஒப்பிட்டதில் வேறு எந்த இடமும் மாறியிருக்கவில்லை. ஐயாவு மாமா மறுபடி நாலாவது இடத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இரு பாப்பா" என்று சொல்லி மத்தியான பஸ்ஸுக்குப் போனார். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்து, நுழைகிறவர் யார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பார்க்கிற காவலை அட்மின் பாதைக்கு எழுதினாள்.

சோதித்துப் பார்க்க ஒரு யூசர் கணக்கு வேண்டும். என் போன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மாவின் நம்பரை அடித்துவிட்டாள். அட்மின் பக்கத்துக்குப் போனாள். 'இந்தப் பக்கத்துக்கு உங்களுக்கு அனுமதி இல்லை.' யூசர் பக்கத்துக்குப் போனாள். 'உங்கள் பெயரில் விண்ணப்பம் எதுவும் இல்லை.'

இரண்டு வரியும் அவளே எழுதியவை.

"ரெண்டு பாதையும் சரியா வேல செய்யுதுக்கா" என்றாள்.