ஏழாம் பாட்டில் ஒரு மூச்சு

இஸ்திரி அக்காவுக்குத் திட்டத் தெரியும். கூச்சல் போட்டுத் திட்டுகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், ஈரம் காயாத படுக்கை விரிப்புகளை ரோலர் மெஷினுக்குள் விடுகிற வேலை அவளுக்கு. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் எதிராளி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்து, மெஷின் நிற்கும்போது சொல்வாள்.

அந்தத் திறமை முழுவதும் அந்த மாதம் ஒரே மனிதர் மேல் இறங்கியது.

அவர் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவர். எந்த ஆல்பம் வந்தாலும் பத்துக்கு இத்தனை என்று போட்டுவிடுவார் என்பதால் ராப் ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் மார்க்கு. பிளேடு என்ற ராப் பாடகனின் முதல் ஆல்பத்துக்கு அவர் நான்கு போட்டிருந்தார். போதாக்குறைக்கு இப்படியும் எழுதியிருந்தார்: 'ஏழாம் பாட்டின் நடுவில் யாரோ மூச்சை இழுக்கிறார், பாடுவது வேறு யாரோ. இந்த ஆல்பத்தின் அலட்சியத்துக்கு இது ஒன்றே சாட்சி.'

பிளேடின் ரசிகர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் தலைவன் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர். விமர்சனம் வந்த காலையிலேயே குழு கொதித்தது.

'மூச்சு விட்டா மார்க் கொறைப்பாராம்டா!'

'இவரு மூச்சே விடாம எழுதறாரு போல. அதான் மூளைக்குக் காத்து போகல.'

அக்கா மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்று போட்டாள்: 'பாட்டு கேட்கக் காது வேணும் சார். மார்க் போடப் பேனா போதும்.'

அதைத்தான் எல்லோரும் எடுத்துப் பரப்பினார்கள். மார்க்கின் இணையப் பக்கத்தில் போய் ஆளாளுக்கு ஒட்டிவிட்டு வந்தார்கள்.

அவளுக்குப் பிளேடு மேல் அத்தனை பக்தி ஒன்றும் கிடையாது. ஏழாம் பாட்டில் அவளுடைய தம்பி இருந்தான். அவ்வளவுதான் விஷயம்.

தம்பியும் பிளேடும் ஒன்றாகச் சுற்றிய பயல்கள். ஸ்டூடியோவுக்கு வக்கில்லாத நாட்களில், சலவைக்கூடத்தின் கம்பளி அறையில்தான் பதிவு செய்வார்கள். அக்காதான் கங்காணியிடம் பல்லைக் காட்டிச் சாவி வாங்கித் தருவாள். நான்கு பக்கமும் கூரை வரை கம்பளிகள் அடுக்கியிருக்கும், குரல் எதிரொலிக்காது. தம்பி ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கிணற்றில் குதிக்கப் போகிறவன் மாதிரி மூச்சை இழுப்பான். பிளேடு அவனைப் 'பம்பு' என்றுதான் கூப்பிடுவான். ஏழாம் பாட்டின் நடுவில் தம்பி பாடியது சின்னப் பகுதிதான். 'ஊரே போர்த்துன கம்பளிக்குள்ள நிக்கிறேன், அக்கா, எனக்கு மட்டும் ஏன் இன்னும் குளிருது' என்று தொடங்கும்.

ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே பைக்கில் போன தம்பி வீடு திரும்பவில்லை. போகுமுன் ஆல்பத்தின் முதல் நகலை அக்காவின் போனில் ஏற்றி வைத்திருந்தான். காலையில் அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது அக்கா ஏழாம் பாட்டைப் போடுவாள்.

"இத எல்லாரும் கேக்கறாங்களாடி?" என்பாள் அம்மா.

"ஊரே கேக்குதும்மா."

அந்த ஒரு பதிலில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பம் வெளிவந்தபோது அக்கா அந்தப் பதிப்பைக் கேட்கவில்லை. கையில் இருப்பதையே எதற்கு மறுபடி தேடுவது?

அந்தச் சனிக்கிழமை நூலக அரங்கில் மார்க்கு பேசுகிறார் என்று தெரிந்ததும் பெயின்டர் படை திரட்டினான். அக்கா சலவைக்கூடத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். அரங்கில் பாதி நாற்காலிகளில் இவர்கள்தான். பேச்சு முடிந்ததும் மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"சார், ஏழாம் பாட்டுல மூச்சு தெரியுதுன்னு எழுதினீங்க. பாடறவன் மூச்சு விடாம பொணமா பாடுவான்?"

கைதட்டல். ஒருவன் விசில் அடித்தான். மார்க்கு மெலிந்த மனிதர், கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். கோபப்படவில்லை, அது இவர்களை இன்னும் எரிச்சலூட்டியது.

"மூச்சு விடறது தப்பில்லம்மா. ஒருத்தர் மூச்சு வாங்கி இன்னொருத்தர் பாடினா அது தப்பு. நீங்களே கேளுங்க."

பெரிய ஸ்பீக்கர்களில் ஏழாம் பாட்டைப் போட்டார். அவள் சிரித்துக்கொண்டேதான் நின்றாள். நடுப்பகுதி வந்தது. தம்பி மூச்சை இழுத்தான். அவள் உதடு வரியைச் சொல்லத் திறந்தது.

பிளேடின் குரல் வந்தது. வேறு வரி. கார், கண்ணாடி, கைதட்டல் என்று ஏதோ.

"கேட்டாச்சுல்ல? ஒண்ணுமே இல்ல!" என்று பெயின்டர் கத்தினான். "மூச்சுக்கெல்லாம் மார்க்கா சார்?"

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள் அக்கா.

மறுபடியும் தம்பி மூச்சை இழுத்தான். மறுபடியும் யாரோ அவன் வாயைப் பொத்தினார்கள்.

"இது என் தம்பி," என்றாள் மைக்கில்.

மார்க்கு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அவர் பேரச் சொல்லுங்கம்மா. அடுத்த வாரம் எழுதறேன்."

"நீங்க எழுதினதே போதும் சார்." அவள் குரல் உயரவில்லை. "அவனோடதா இருந்தது அந்த மூச்சு ஒண்ணுதான். அதப் போய் அழுக்குன்னு விரல் நீட்டிக் காட்டிட்டீங்க. இனிமே வெச்சிருப்பாங்களா?"

அவர் மாட்டிய கண்ணாடியை மறுபடி கழுத்தில் தொங்கவிட்டார்.

வெளியே படிக்கட்டில் பெயின்டர் அவளை மடக்கினான். "என்னக்கா நீங்க, நம்ம ஆளுங்க முன்னாடியே மானத்த வாங்கிட்டீங்க?"

"உனக்குத் தெரியுமாடா? அவன் பகுதிய எடுத்துட்டாங்கன்னு?"

"எல்லாருக்கும் தெரியுமே. நீங்களும் கேட்டிருப்பீங்க, பெருந்தன்மையா விட்டுட்டீங்கன்னு நெனச்சோம்."

"பெருந்தன்மையா!" அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சுண்ணாம்பு அடிக்கறவன்தானே நீ. மேல ஒரு கோட்டு பூசிட்டா கீழ இருந்தது இல்லன்னு ஆயிடுமா?"

பிளேடு அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை. மாலையில் ஒரு குரல் செய்தி மட்டும் அனுப்பினான். "அக்கா, செத்தவன் குரல் வெச்சா வீட்ல கையெழுத்து வாங்கணும், நாள் இழுக்கும்னு கம்பெனில சொன்னாங்க. நான் என்னக்கா பண்றது? பம்பு என் உயிருக்கா."

அவள் திரும்பப் பேசி அனுப்பினாள். "எங்க வீடு உனக்குத் தெரியாதா? அந்த வாசல்ல எத்தன தடவ செருப்பு கழட்டியிருப்ப? பேனா எடுத்துட்டு வந்திருந்தா அம்மா நின்னுக்கிட்டே போட்டிருப்பாங்களே."



சில நாள் கழித்து, மெஷின் நின்ற இடைவேளையில், குழுவில் பெயின்டரின் செய்தி துள்ளிக்கொண்டு வந்தது. 'மார்க்கு மூஞ்சில கரி! ஏழாம் பாட்டைப் பிளேடு அண்ணன் சரி பண்ணிட்டாரு. மூச்சு சத்தமே இல்ல. சுத்தமா இருக்கு. இப்ப எங்க கொறைப்பாரு?' கீழே வரிசையாகத் தீப்பொறிகள், கைதட்டல்கள்.

இந்த முறை அக்கா உடனே கேட்டாள். மூச்சு இருந்த இடம், இஸ்திரி போட்ட விரிப்பு மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது.

தன்னிடமிருந்த முதல் நகலிலிருந்து தம்பியின் பகுதியை மட்டும் வெட்டிக் குழுவில் போட்டாள். யாரோ 'இது எதுக்கு இப்ப' என்றார்கள். இன்னொருவன், 'அக்கா மார்க்கு கட்சிக்குத் தாவிட்டாங்க டோய்' என்றான். அவள் அடுத்த வாக்கியத்தைத் தயார் செய்வதற்குள் பெயின்டர் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான்.

கம்பளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்திரிகையின் பக்கத்தில் மார்க்கின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதே பகுதியை அவருக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'நீங்க கேட்ட மூச்சுக்கு அப்புறம் வர வேண்டியது இது. இதுக்கு மார்க் போட்டீங்கன்னா நேர்ல வந்து கேப்பேன்.'

அனுப்பிவிட்டுப் போனை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். நாளைக் காலை அம்மாவுக்குத் தலை வார வேண்டும். எல்லாரும் கேக்கறாங்களாடி என்று அம்மா கேட்பாள். தள்ளுவண்டியில் ஈர விரிப்புகள் குவிந்து கிடந்தன.

"எங்க போன? வேலை கெடக்கு!" என்று கங்காணி கத்தினார்.

"ஒருத்தராவது கேக்கட்டும்னு அனுப்பிட்டு வந்திருக்கேன்," என்றாள். அதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, அவருக்குக் கேட்கவில்லை.