ஒப்பாரிக்கு வந்த சொந்தக்காரன்

கம்ப்யூட்டர் திரையில் கறுத்துப்போன ஒரு சின்னக் கட்டம், நடுவில் இரண்டு வரி இங்கிலீஷ். கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டரில் அதைப் பார்த்தபடி நின்ற அக்காவின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் கம்பெனியில் பேக்கிங்; நான் ஹெல்பர். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்பது தீராத வழக்கு. அந்த இங்கிலீஷ் எனக்கும் புரியவில்லை.

அக்காவின் அப்பா இறந்தபோது குவைத்தில் இருந்த அவள் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. "நைனாவ பாக்கத்தான் முடியல, அக்கா அழுவறதயாவது புடிச்சி அனுப்புடா" என்று போனில் என்னைக் கேட்டான். பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார, அக்கா ஒப்பாரி எடுத்தாள். முதல் இரண்டடி எங்கள் பக்கத்து எல்லாச் சாவுக்கும் பொது. அதன்பின் நைனாவின் சைக்கிள் வந்தது, நைட் ஷிப்ட் முடிந்து அவர் வாங்கிவரும் இட்லிப் பொட்டலம் வந்தது, வர முடியாத தம்பியும் வந்தான். என் செல்போனில் பிடித்ததை பிரவுசிங் சென்டர் நடத்தும் பாய் இன்டர்நெட்டில் ஏற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை லீவுதோறும் தம்பி அதைக் கேட்டான்.

சில மாதங்களில் பாட்டு காணாமல் போனது. அதே முதல் இரண்டடியை யாரையோ பாடவைத்துக் கேசட் போட்ட கம்பெனி, அது தன்னுடையது என்று புகார் கொடுத்திருந்ததாம். அந்த இரண்டு வரி இங்கிலீஷை பாய் படித்துச் சொன்னார்.

"அன்னிக்கி ஒரு மாலயாவது போட்டானா பாய்? சாவு ஊட்டுக்கே வராதவன் பங்கு கேக்கறான்!" என்றேன். பாய் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"உன்னுதுன்னு நீ எழுதிக் குடுக்கணும்மா. அப்பதான் திரும்பி வரும்."

"என்னுதுன்னா? தெரு பொம்பளைங்க எல்லாம் பாடறது பாய். என்னுதுன்னு எய்திக் குடுத்துட்டு, நாளிக்கு அவுங்க ஊட்டு சாவுல எந்த மூஞ்ச வச்சிக்கினு குந்துவேன்?"

"ஒரு பொய்தானக்கா? டெய்லி சூப்பர்வைசர் கைல சொல்றதுதான?"

"செருப்பு பிஞ்சிடும். கம்முனு இரு."

என் மெமரி கார்டு ஏற்கெனவே செத்திருந்தது. வேறு காப்பி இல்லை. இன்றைக்கும் அந்த இரண்டடியைத் தேடினால் கேசட் கம்பெனியின் பாட்டுதான் வருகிறது, கீபோர்டு இசையோடு. அதில் யாருடைய நைனாவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது தம்பி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாட்டு வரலக்கா. போன்லயே ஒருக்கா பாடேன்."

சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் அடுத்த சாவைக் கூப்பிட்டதாக அர்த்தம். உள்ளே அவள் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வேணான்டா. பாடக் கூடாதுடா."

"ரெண்டே அடிக்கா."

இந்த மாதிரி நேரத்தில் எதையாவது உளறிச் சிரிக்கவைப்பதுதான் என் வழக்கம். வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அப்போது அந்தப் பக்கம் தம்பியே, தெரியாத ராகத்தில், நைனாவின் சைக்கிளைப் பாட ஆரம்பித்தான்.

"நிறுத்துடா! அங்க ஒண்டியா கீற, இன்னா பாட்டு பாடற நீ!" என்று அலறி, போனைக் கட் பண்ணினாள்.

போன் மறுபடி அடித்தது. அக்கா அதை எடுக்கவுமில்லை, என்னிடம் தரவுமில்லை.